துணையை இழந்தபின் வீட்டைச் செப்பனிடுதல்: உதவும் கைகளும் உரியவரின் சொல்லும்

எங்கள் வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சைத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பராமரிப்பில் இருந்த ஒருவர் காலமானபின், அவருடைய கணவரையோ மனைவியையோ சில வாரங்கள் கழித்து வீட்டிலேயே சென்று காண்போம். நோயாளியின் மறைவோடு இச்சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. குடும்பத்தார் தம் துயரைத் தாங்கிக்கொள்ளத் துணை நிற்பதும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அவ்வாறு செல்லும்போது இரத்த அழுத்தத்தை அளக்கிறோம். உறக்கத்தையும் உணவையும் பற்றி விசாரிக்கிறோம். மருந்துகளை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று கேட்கிறோம். அத்துடன் வீட்டையும் பார்க்கிறோம்.

நெடுநாள் நோய் தங்கிய வீட்டைப் பார்த்த உடனேயே அடையாளம் கண்டுவிடலாம். இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கைக்கு வந்த பணமெல்லாம் மருந்துக்கும் பயணத்துக்கும் சென்றிருக்கும். கூரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் கட்டப்பட்டிருக்கும். குளியலறைத் தரை பாசி படிந்து வழுக்கும். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியாது. நோயாளியைக் கவனிப்பதிலேயே காலம் கழிந்ததால், இவற்றைச் சரிசெய்ய ஒருவருக்கும் நேரம் இருந்திராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் அனைவரும் ஊர் திரும்பிய பிறகு, அந்த வீட்டில் ஒருவர் மட்டும் எஞ்சியிருப்பார்.

அந்த வீட்டைத் தன்னார்வலர் துணையோடு செப்பனிட விரும்பும் குடும்பங்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறோம். எங்கள் அனுபவம் சொல்வது இதுதான்: எது அபாயமோ அதை உடனே சரிசெய்ய வேண்டும், எது நினைவோ அதைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், இரண்டிலும் முடிவு சொல்பவர் துணையை இழந்தவராகவே இருக்க வேண்டும்.

துயரும் உடலும்

துணையை இழந்தோரின் உடல்நலம் முதல் சில மாதங்களில் தளர்கிறது என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1969-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. முதல் ஆறு மாதங்களுக்குள் அவர்களில் 213 பேர் இறந்தனர். அவ்வயதில் மனைவியோடு வாழும் ஆண்களிடையே எதிர்பார்க்கக்கூடிய அளவைக் காட்டிலும் இது ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதி. இதய நோய்களால் நேர்ந்த இறப்புகளிலேயே இந்த மிகுதி முதன்மையாகக் காணப்பட்டது. வாசகர்களை அச்சுறுத்துவதற்காக இதைக் கூறவில்லை. துயர் மனத்தளவில் நின்றுவிடுவதில்லை என்பதையும், அந்த மாதங்களில் உணவு, உறக்கம், மருந்து, பாதுகாப்பான இருப்பிடம் ஆகியவை எவ்வளவு இன்றியமையாதவை என்பதையும் உணர்த்தவே கூறுகிறோம்.

துயரைப் பற்றிய மற்றொரு கருத்தும் இங்குப் பயன்படும். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் ஆகிய இரு உளவியலாளர்கள் 1999-இல் அதை முன்வைத்தனர். துயருறுவோர் ஒரு நேரம் இழப்பையே எண்ணி அழுகின்றனர். மற்றொரு நேரம் மின்கட்டணம் செலுத்துவது, கூரையைச் சரிசெய்வது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது என்று வாழ்க்கையின் வேலைகளில் ஈடுபடுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே மாறி மாறிச் சென்று வருவதே இயல்பான துயர் என்பது அவர்கள் கருத்து. ஆகவே, கணவர் இறந்த மூன்றாம் மாதத்தில் ஓட்டின் விலையை விசாரிக்கும் மனைவியைப் பார்த்து, “அதற்குள் மறந்துவிட்டாளா?” என்று எவரும் வியக்க வேண்டியதில்லை. நடுவேலையில் அவர் அமர்ந்து அழுதுவிட்டால், “வேலையை ஆரம்பித்ததே தவறு” என்று முடிவு கட்டவும் வேண்டியதில்லை.

ஓர் ஓட்டு வீடு

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே எடுத்துரைக்கிறோம். அந்த அம்மையாரின் இசைவோடு எழுதுகிறோம்; அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவருடைய கணவர். வாய்ப் புற்றுநோயால் இரண்டாண்டுகள் துன்புற்று, ஆடி மாதத்தில் காலமானார். அம்மையாருக்கு வயது 62; நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மகன் பெங்களூரிலும் மகள் திருப்பூரிலும் வாழ்கின்றனர். திண்ணையும் சிறு முற்றமும் கொண்ட ஓட்டு வீடு அது. கூடத்துக் கைமரங்கள் இரண்டு செல்லரித்து, ஓடுகள் சரிந்திருந்தன. வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயைத் தம்மோடு அழைத்துச் செல்ல மகன் எண்ணினார். அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஐப்பசி அடைமழையில் அந்தக் கூரை நிற்காது. “கூரையை மாற்றிவிட்டால் நான் இங்கேயே இருப்பேன்” என்றார் தாய். கணவரின் தம்பியோ, “தலைத் திவசம் முடியும்வரை வீட்டில் கை வைக்கக் கூடாது, அண்ணி” என்றார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தார். புதுவீடு கட்டுவதற்குத்தான் ஓராண்டு காத்திருப்பார்கள் என்றும், ஒழுகும் கூரையை மாற்றுவதற்குத் தடையேதும் இல்லை என்றும் அவர் கூறியதும் கொழுந்தனார் இசைந்தார். வழக்கங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். அவற்றில் மருத்துவர்கள் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும், வீட்டாரின் நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே கலந்துகொள்வது பிற்பாடு எழும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

மரத்துக்கும் புதிய ஓட்டுக்குமான செலவை மகனும் மகளும் பகிர்ந்துகொண்டனர். உழைப்பைத் தன்னார்வலர் தந்தனர். அவர்களுள் ஒரு கொத்தனார் இருந்தார். அவருடைய தாயாரும் முன்பு எங்கள் பராமரிப்பில் இருந்தவர். அவரோடு ஓர் ஆசாரி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஐவர் ஆகியோர் சேர்ந்தனர். செப்டம்பரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் என்று நாள் குறிக்கப்பட்டது.

முதல் ஞாயிறன்று சூடம் ஏற்றி வேலையைத் தொடங்கும் நேரத்தில் ஒரு தயக்கம் ஏற்பட்டது. அம்மையார் பின்கட்டுக்கு ஒதுங்கிக்கொண்டார். அண்டை வீட்டுச் சுமங்கலி ஒருவரை அழைக்கலாமா என்று யாரோ மெல்லக் கேட்டனர். “வீட்டுக்கார அம்மா இருக்கும்போது வேறு யாரை அழைப்பது? நீங்களே ஏற்றுங்கள், அக்கா” என்றார் கொத்தனார். அவர் வந்து ஏற்றினார். கொழுந்தனாரும் அருகில் நின்று கும்பிட்டார். உடனிருந்த எங்கள் செவிலியர், அன்றைய பதிவேட்டில் மருந்து விவரங்களுக்குக் கீழே இதனையும் குறித்துவைத்தார். கணவரின் இறப்புக்குப்பின் அவ்வீட்டில் எதையும் முன்னின்று செய்யும்படி அவரிடம் எவரும் கேட்டது அதுவே முதல் முறை.

கூரையைப் பிரிப்பதற்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மாணவர்கள் ஒவ்வொரு பொருளாக எடுத்து வந்து திண்ணையில் அமர்ந்திருந்த அம்மையாரிடம் காட்டினர். வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, பிறகு பார்ப்பது என்று மூன்று குவியல்கள் சேர்ந்தன. மூன்றாவதுதான் மிகப் பெரிதாக இருந்தது. கணவரின் சட்டைகள், மூக்குக்கண்ணாடி, பழைய வானொலிப் பெட்டி, சங்கத்துக் கணக்கேடுகள் எல்லாம் அதிலேயே சேர்ந்தன. அவற்றை ஒரு டிரங்குப் பெட்டியில் இட்டு உள்ளறையில் வைத்தனர். சுவருக்கு வெள்ளையடிக்கும் நாளில், குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவதற்காக முன்பு அடித்திருந்த ஆணியைப் பிடுங்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். “அது இருக்கட்டும், தம்பி” என்றார். ஆணியைச் சுற்றி வெள்ளையடித்தனர்.

உணவு பற்றியும் ஒரு செய்தி உண்டு. தன்னார்வலர்கள் பொட்டலச் சோறு வாங்கி வருவதாக இருந்தனர். தாமே சமைப்பதாக அம்மையார் கூறியபோது, தடுக்க வேண்டாம் என்று எங்கள் செவிலியர் சொன்னார். பல வாரங்களாக நீராகாரத்திலும் ரசச் சோற்றிலும் நாளைக் கடத்தி வந்தவர், அன்று எட்டுப் பேருக்குச் சாம்பாரும் கூட்டும் வைத்தார். அவர்களோடு அமர்ந்து தாமும் உண்டார். நான்காம் ஞாயிற்றுக்குள் அவருடைய எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. வெறும் வயிற்றில் நீரிழிவு மாத்திரையை விழுங்கியதால் ஏற்பட்டிருந்த தலைச்சுற்றலும் நின்றது.

மழை தொடங்கியது, கூரை ஒழுகவில்லை. எனினும், வேலை முடிந்த அடுத்த ஞாயிறன்று அவர் முன்னெப்போதையும்விட மிகுதியாக அழுதார். வீடு நிறைந்திருந்த நான்கு வாரங்களுக்குப்பின் வந்த வெறுமை அது. இதை எதிர்பார்த்து, தலைமையாசிரியரும் ஒரு மாணவரும் மேலும் இரண்டு மாதங்களுக்கு ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் வந்து போவதென்று முன்பே பேசியிருந்தோம். வேலை முடியும் நாளைத் திட்டமிடும்போதே, அதற்கடுத்த வாரத்தையும் திட்டமிட வேண்டும் என்பதை நாங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறோம்.

அம்மையார் இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறார். மகன் மாதமொருமுறை வந்து செல்கிறார். வயது ஏற ஏற இந்த ஏற்பாடு மாறலாம். அப்போதும் அதை அவரே முடிவு செய்வார் என்று மகன் எங்களிடம் கூறினார்.

அன்பினால் நேரும் தீங்கு

இதற்கு மாறான ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். மனைவியின் அஸ்தியைக் கரைக்க இராமேசுவரம் சென்ற முதியவர் ஒருவர் திரும்பி வருவதற்குள், பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து சமையலறையை முற்றிலும் புதுப்பித்துவிட்டனர். அப்பா வந்து பார்த்து மகிழ வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். மனைவியின் அஞ்சறைப் பெட்டியும், அவர் கையால் தேய்ந்த அம்மியும் அங்கு இல்லை. முதியவர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சமையலறைக்குள் நுழைவதை நிறுத்திவிட்டார். மூன்று வேளையும் தேநீரும் ரொட்டியுமாக நாளைக் கழித்தார். எங்களிடம் வந்தபோது மிகவும் மெலிந்திருந்தார். பழைய பொருள்களில் சிலவற்றை மகள் தேடிக் கொண்டுவந்து சேர்த்து, மசாலா டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டி, சோறு வடிப்பதையும் ரசம் வைப்பதையும் அவருக்குக் கற்றுக்கொடுத்த பிறகே அவர் தேறினார்.

இரு வீடுகளிலும் அன்புக்குக் குறைவில்லை. ஒன்றில் கேட்டுச் செய்தார்கள். மற்றொன்றில் கேளாமல் செய்துவிட்டார்கள்.

உடனே செய்ய வேண்டியவை

கீழ்க்காண்பவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இவற்றுட் பெரும்பாலானவை குறைந்த செலவில் முடிபவை. நியூசிலாந்தில் 842 வீடுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. படிகளுக்குக் கைப்பிடி, குளியலறையில் பிடிகம்பி, வெளிவிளக்கு, வழுக்காத தரை போன்ற எளிய மாற்றங்களாலேயே, வீட்டில் விழுந்து காயமுறுவது 26 விழுக்காடு குறைந்தது.

• கழிப்பறையிலும் குளியலறையிலும் சுவரில் திருகாணியால் உறுதியாகப் பொருத்திய பிடிகம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது.

• முழங்கால் வலியுள்ளோர்க்கு, தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரமுள்ள மேற்கத்தியக் கழிப்பறை இருக்கை எழுந்து நிற்க எளிது.

• படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கும், படுத்தவாறே கைக்கெட்டும் சுவிட்சும் தேவை.

• வாசற்படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைப்பதானால், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தானது சக்கர நாற்காலிக்கு ஆபத்து.

• பழைய மின்கம்பிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே மாற்ற வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள்.

• நோயாளி பயன்படுத்திய ஆக்சிஜன் சிலிண்டர், கட்டில், மிச்சமுள்ள மார்ஃபின் மாத்திரைகள் ஆகியவற்றை எங்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். மார்ஃபினை எக்காரணம் கொண்டும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பொறுத்துச் செய்ய வேண்டியவை

இறந்தவரின் படுக்கை, உடைகள், தொழிற்கருவிகள், எழுத்துகள் ஆகியவற்றை அகற்றுதல், அறைகளை இடம் மாற்றுதல், சுவரை இடித்துப் பெரிதாக்குதல், வீட்டை விற்றல் ஆகியன இவ்வகையின. இயன்றவரை முதலாண்டில் இவற்றை முடிவு செய்யாதிருப்பது நல்லது. வாடகை, கடன் போன்ற நெருக்கடியால் முடிவெடுத்தே ஆக வேண்டுமெனில், உரியவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், நம்பகமான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தன்னார்வலர்களுக்கு

உங்கள் உழைப்புக்கு விலை சொல்ல இயலாது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, அக்கம்பக்கத்து மக்களின் துணையால்தான் சிற்றூர்கள் வரை பரவியது. அங்குத் தன்னார்வலர்கள் நோயாளியின் புண்ணுக்குக் கட்டுப் போடுவதோடு, அக்குடும்பத்தின் அரிசியையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் தம் கவலையாக ஏற்றனர். வீட்டைச் செப்பனிடுவதும் அவ்வழிப் பணியே. நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சில:

• ஒரே ஒருவர் பொறுப்பாளராக இருங்கள். பத்துப் பேர் பத்து யோசனை சொன்னால் துயரில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிடுவார்.

• “என்ன செய்யட்டும்?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “இந்த அலமாரியை இங்கேயே வைக்கவா, உள்ளே வைக்கவா?” என்று கேளுங்கள். பதில் சொல்வது அவருக்கு எளிதாகும்.

• அவரால் செய்ய இயன்ற வேலையை அவரிடமே விடுங்கள்: சமையல், கணக்கெழுதுதல், நிறம் தெரிவு செய்தல்.

• அவர் அழுதால் வேலையை நிறுத்தி அருகில் அமருங்கள். ஆறுதல் மொழி தேட வேண்டியதில்லை.

• உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை வெட்டவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாக, உரிய முகக்கவசத்துடன் பயிற்சி பெற்றவரே இறக்க வேண்டும்.

• கூரை மீது ஏறுவது பழகியவர்களின் வேலை. மாணவர்கள் கீழே இருந்து உதவட்டும். அனைவரும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

• வீட்டில் ஆஸ்துமாவோ நெடுநாள் நுரையீரல் நோயோ உள்ளவர் இருந்தால், இடிக்கும் நாளிலும் வண்ணம் பூசும் நாளிலும் அவர் வேறு வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள்.

பணமும் ஆவணமும்

வேலையைத் தொடங்குமுன் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறப்புச் சான்றிதழைப் பெற்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கும் மகன், மகள், தாய் ஆகியோருக்கும் சமபங்கு உண்டு. பிற சமயத்தாருக்கு வேறு சட்டங்கள் பொருந்தும். பங்காளிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தால், பெரிய செலவுக்கு முன் அதைப் பேசி முடிப்பது நலம்.

வரவு செலவை ஒரே நோட்டில் எழுதி, அதனை வீட்டுக்குரியவரிடமே கொடுத்து வையுங்கள். வீட்டைப் புதுப்பிக்க நகையை அடகு வைப்பதையும் வட்டிக்கு வாங்குவதையும் தவிர்க்கும்படி வலியுறுத்துகிறோம். ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியம், ஊரக வீட்டு வசதித் திட்டங்கள் ஆகியவற்றில் தங்களுக்குத் தகுதி உண்டா என்பதை எங்கள் துறையின் சமூகப் பணியாளரிடம் கேட்டறியலாம்; விண்ணப்பம் எழுதவும் அவர் உதவுவார்.

எங்களிடம் எப்போது வர வேண்டும்?

வேலையில் ஈடுபட்டால் துயர் தீர்ந்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. இழந்தோரில் பெரும்பாலோர், காலமும் சுற்றத்தாரும் துணையிருக்க, மருந்தின்றியே மெல்லத் தேறுகின்றனர். சிலருக்குத் துயர் தணியாமல் நீடிக்கிறது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அன்றாட வாழ்வை நடத்த இயலாத அளவுக்கு ஏக்கம் வாட்டினால், அதை நீடித்த துயர் என்னும் நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய நோய் வகைப்பாடு ஏற்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

உண்ணாமை, தொடர்ந்த உறக்கமின்மை, மருந்துகளை நிறுத்திவிடுதல், மதுவை நாடுதல், தன்னைத்தானே பழித்துக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் அழைத்து வாருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால், “கவலையால்தான்” என்று எண்ணி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சாகக் கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே எங்களிடம் அழைத்து வாருங்கள்.

தம் வீட்டில் பிடிகம்பி, கைப்பிடி, விளக்கு எங்கெங்கே வேண்டும் என்று அறிய விரும்புவோர், வீட்டுக்கு வரும் எங்கள் செவிலியரிடம் தெரிவித்தால், அடுத்த வருகையின்போது எங்கள் இயன்முறை மருத்துவர் உடன் வந்து பார்த்துக் குறித்துத் தருவார். மழைக்காலத்துக்கு முன் கூரையைப் பார்க்க வேண்டியவர்கள் ஆவணி மாதத்துக்குள் சொல்லிவிட்டால், தன்னார்வலர்களை ஒருங்கிணைக்க எங்களுக்குப் போதிய நாள்கள் கிடைக்கும்.